செம்புலம் - நவக்குடி: ஒன்பது நிமிடம்

செம்புலத்திலிருந்து நவக்குடிக்கு விமானத்தில் ஒன்பது நிமிடம். மாலையில் நடக்கவிருந்த கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதால் பூங்கோதை விடிவதற்கு முன்பே வீட்டைப் பூட்டினாள்.

பையில் இரண்டு வேளைக்குப் புளியோதரை, காற்றடைக்கும் தலையணை, கால் வீக்கத்துக்குத் தைலம், மாற்றுச் செருப்பு எல்லாம் இருந்தன. செவ்வாய்க் கிரகத்தில் விமானம் ஏறுகிறவர்கள் இவற்றை எடுத்துக்கொள்ளாமல் வாசல்படி தாண்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "நவக்குடிக்கா? ஒம்போது நிமிஷம்தானே, போயிட்டு சட்டுனு வந்துருவீங்க" என்றாள். இப்படிச் சொன்னவள், போன மாதம் அங்கே போய்வந்து இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தவள்.

இரண்டு ஊருக்கும் இடையே அறுபது கிலோமீட்டர் புழுதிக்கடல். முதலில் வந்து குடியேறியவர்கள் அதைத் தவழூர்தியில் கடந்தார்கள்; ஒரு முழுப் பகல் ஆகும். பிறகு விமானம் வந்தது. நாற்பது நிமிடம் இருபதானது, இருபது ஒன்பதானது. பறக்கும் நேரம் குறையக் குறையப் பறக்க வருகிறவர்கள் பெருகினார்கள். அவர்களைச் சோதிக்க அறைகள், உட்காரவைக்கக் கூடங்கள், கூடத்துக்குக் கூடம் கொண்டுபோக நகர்பாதைகள் என்று நிலையம் நிலத்துக்கடியில் நீண்டுகொண்டே போனது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எல்லோரும் நிமிர்ந்து நின்று ஒன்பது நிமிடம் என்றுதான் சொன்னார்கள்.

கல்யாணம் பூங்கோதையின் தம்பி இளம்பரிதிக்கு. அவனுக்கு நவக்குடியில் வேலை, பெண்ணும் அந்த ஊர்தான். மாலை கோதூளி லக்னத்தில் முகூர்த்தம். செவ்வாயில் குடியேறியவர்கள் காற்றையும் தண்ணீரையும் உண்டாக்கிக்கொண்ட கையோடு பஞ்சாங்கத்தையும் திருத்திக்கொண்டார்கள். காலுக்கடியில் கிடக்கிற கிரகத்துக்கு ஜாதகத்தில் கட்டம் ஒதுக்க முடியாது என்று செவ்வாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூமியைப் போட்டார்கள். செவ்வாய் தோஷம் ஒழிந்தது, பூமி தோஷம் வந்தது. பெண்ணுக்குக் கொஞ்சம் பூமி தோஷம் இருந்ததால் கோதூளியில் தாலி கட்டினால் சரியாகிவிடும் என்று ஜோசிய இயந்திரம் சொல்லிவிட்டது. கோதூளி என்றால் மேய்ந்து திரும்பும் பசுக்கள் கிளப்பும் புழுதி. செவ்வாயில் பசு கிடையாது. புழுதிக்குக் குறைவில்லை.

பரிதிக்கு நடை பழகும் வயதிலேயே அம்மா போய்விட்டாள். அவனுக்குத் தலைவாரிவிட்டு, உள்ளங்கி மாட்டி, ஆக்சிஜன் குடுவையைச் சரிபார்த்துப் பள்ளிக்கு அனுப்பியவள் பூங்கோதைதான். அவனுடைய நிச்சயதார்த்தத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தாம்பூலம் மாற்றி முடித்திருந்தார்கள். பரிதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான்; மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். "நீதான் போடணும், அக்கா" என்று அவன் இரண்டு முறை சொல்லியிருந்தான். அவன் எதையும் இரண்டு முறை கேட்கிற ரகமில்லை.

அதனால்தான் விடியுமுன் கிளம்பினாள். முந்தின நாளே போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஒன்பது நிமிடப் பயணத்துக்கு யாராவது முந்தின நாளே போவார்களா?

அவளுடைய கணவர் மாசிலாமணி நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், அவர் தங்கப் பயணி. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு நிலையத்தில் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ஒரு சில்லு பதிப்பார்கள். அது பொன்னிறத்தில் மினுங்கும். சாப்பிடும்போதுகூட மாசிலாமணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார்.

நிலையத்தில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. முதல் அறையில் உடம்பிலிருக்கும் புழுதியை உறிஞ்சினார்கள். அடுத்த அறையில் மூச்சை எடை பார்த்தார்கள். அதற்கடுத்த அறையில் வலது செருப்பை மட்டும் கழற்றி மாட்டச் சொன்னார்கள். எதற்கென்று கேட்ட ஆளில்லை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் நகர்பாதை நிதானமாக ஊர்ந்தது. சன்னல் கிடையாது. சுவர்த்திரைகளில் பூமியின் கடற்கரைகள் வந்துபோயின. இப்படி அறைகளில் மூன்று மணி நேரம் நின்றும் நகர்பாதையில் மூன்று மணி நேரம் நகர்ந்தும் கடைசிப் புறப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது ஆகியிருந்தது.

கூடத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. அதில் முப்பது பேர் இவர்கள் சொந்தக்காரர்கள். தாய்மாமன் வேலப்பர் சீர்ப் பாத்திரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகள் கயற்கண்ணி புதுப்பட்டு கசங்காமல் நின்றுகொண்டிருந்தாள். விமானத்தில் நாற்பது பேர்தான் ஏற முடியும். பலகையில் தாமதம் என்று போட்டிருந்தார்கள்; எவ்வளவு தாமதம் என்று போடவில்லை. இறங்கிய பிறகு நவக்குடி நிலையத்திலும் மூன்று மணி நேரம் நகர்பாதை உண்டு. பூங்கோதை விரல்விட்டு நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

"உங்களோட என்னையும் முன்னாடி ஏத்த மாட்டாங்களாங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

"தங்கத்துக்கு மட்டும்தான் கோதை. நீயும் இன்னும் கொஞ்ச தடவ பறந்தின்னா ஒனக்கும் குடுத்துருவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் தங்கப் பயணிகளின் கண்ணாடி அறைக்குள் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே காபி இலவசம்.

அவள் மூலையில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது. "நவக்குடி விமான நிலையம் தங்களை அன்புடன் வரவேற்கிறது. தயவுசெய்து இடது செருப்பைக் கழற்றவும்."

காதுக்குள் பதித்திருந்த செவிச்சில்லு ஏதோ உளறுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சுவரில் காதை வைத்தாள். குரல் மறுபடி வந்தது. பயணிகளுக்கு உதவுவதற்காகச் சுற்றிவரும் வழித்துணை ரோபோ ஒன்று அவளருகே வந்து நின்றது.

"பயணி அவர்களே, தலைவலியா?"

"இந்தச் சுவருக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"நவக்குடி விமான நிலையத்தின் வருகைக் கூடம்."

"விளையாடறியா?"

"எனக்கு அந்த வசதி பொருத்தப்படவில்லை."

பூங்கோதை அதை முறைத்துப் பார்த்தாள். வழித்துணை கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். செம்புலம் நிலையம் கிழக்கே நீண்டது, நவக்குடி நிலையம் மேற்கே நீண்டது, இரண்டும் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு பல வருடமாகிறது என்றது. அப்படியானால் விமானம் எங்கேதான் போகிறது என்று கேட்டாள்.

"மேலே ஏறுகிறது, வட்டமடிக்கிறது, அதே ஓடுதளத்தின் மறுமுனையில் இறங்குகிறது. நான்கு நிமிடம் போதும். காபி குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்கிறார்கள் என்று பயணிகள் புகார் செய்ததால் இன்னும் சில வட்டம் சேர்த்திருக்கிறார்கள்."

"அப்ப நாங்க செம்புலத்துலேர்ந்து நவக்குடிக்கு நடந்தே வந்துட்டோமா?"

"பெரும்பாலும் நகர்பாதையில் நின்றபடி வந்தீர்கள். நடந்து என்பது சற்று மிகை."

"இத ஏன் யாருக்கும் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை, பயணி அவர்களே."

சுவரில் கதவு இருக்கிறதா என்று கேட்டாள். துடைப்பான் ரோபோக்கள் போய்வர ஒன்று இருக்கிறது என்று அது குப்பைத்தொட்டியை நகர்த்திக் காட்டியது. சாம்பல் நிறத்தில் சாதாரணக் கதவு, பூட்டுகூட இல்லை. மனிதர்கள் போகக்கூடாது என்று விதி உண்டா என்று கேட்டாள். போகக்கூடாது என்றும் இல்லை, போகலாம் என்றும் இல்லை என்று பதில் வந்தது. அவள் கதவைத் திறந்தாள். எதிரே நவக்குடியின் நகர்பாதை வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் எட்டு வைத்தால் போதும். ஒரு கால் வைத்தும்விட்டாள். அப்போதுதான் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் வேலப்ப மாமா ஞாபகம் வந்தது. முப்பது சொந்தக்காரர்களை நடுவழியில் உட்காரவைத்துவிட்டு இவள் மட்டும் போய் நின்றால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? காலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பூங்கோதை செய்த தப்பு இது ஒன்றுதான். அவள் இடத்தில் நாமாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம்.

மாசிலாமணி விஷயத்தைக் கேட்டுவிட்டு வழித்துணையிடம், "கதவு வழியாப் போனா பயணப் புள்ளி ஏறுமா?" என்று விசாரித்தார்.

"ஏறாது."

"அப்ப நான் விமானத்துலயே வரேன். நீ போம்மா."

"நானும் அத்தான்கூடவே வந்துடறேன், அக்கா. ஜன்னல் சீட்டு சொல்லி வாங்கியிருக்கேன்" என்றாள் கயற்கண்ணி. விமானத்தின் சன்னலும் திரைதான். அதில் ஒன்பது நிமிடம் சிவப்பு மலைகளைக் காட்டுவார்கள்.

மற்ற சொந்தக்காரர்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து அந்நியர்களும் எழுந்தார்கள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்கள்தான் எல்லோரையும்விட வேகமாக ஓடிவந்தார்கள். சீர்ப் பெட்டி கதவில் குறுக்காக மாட்டிக்கொண்டது. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பூங்கோதை ஆக்சிஜன் ஆலையில் நூறு பேரை மேய்க்கிற மேற்பார்வையாளர். கண்ணெதிரே இப்படியொரு கலவரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியாது.

"ஒரு ஒழுங்கு வேணாமா? எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்று குரல் கொடுத்தாள்.

நின்றார்கள். வழித்துணை, "வரிசைக்குக் கயிறு தேவைப்படுமா?" என்று பணிவாகக் கேட்டது.

"கொண்டா."

வயதானவர்கள் முதலில், கைக்குழந்தைக்காரர்கள் அடுத்து, பிறகு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று பிரித்தாள். பெரிய பெட்டி வைத்திருந்தவர்களைத் தனியாக நிறுத்தினாள். தாய்மாமனைப் பத்தோடு பதினொன்றாக நிறுத்தினால் எப்படி என்று வேலப்பர் முகம் சுருங்கியது. அவருக்கென்று ஒரு கயிறு கட்டினாள். கட்டிய உடனே கூட்டத்தில் இன்னும் நாலு தாய்மாமன்கள் கிளம்பினார்கள். ஒரு குடும்பம், போனால் பத்துப் பேரும் சேர்ந்துதான் போவோம் என்று அடம்பிடித்து, கழிப்பறைக்குப் போன ஒருவருக்காகக் காத்திருந்தது. போனவர்களில் ஒருவர் தலையணையை மறந்துவிட்டேன் என்று எதிர்த்திசையில் வந்தார். திரும்பி வருகிறவர்களுக்கு அவள் இன்னொரு கயிறு கட்ட வேண்டியதாயிற்று.

பிறகு புகைப்படம். ஒரு கால் செம்புலத்திலும் ஒரு கால் நவக்குடியிலும் வைத்துக்கொண்டு நிற்கலாம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தனியாக ஒன்று, ஜோடியாக ஒன்று, குடும்பத்தோடு ஒன்று, கண்ணை மூடிவிட்டதால் மறுபடி ஒன்று. இடத்தைப் பிடித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் டோக்கன் கேட்டார்கள். வழித்துணை டோக்கன் அடித்துத் தந்தது. ஒவ்வொன்றும் நியாயமான ஏற்பாடுதான். எதையும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இவ்வளவு பேரும் கதவின் பக்கம் வந்துவிட்டதால் விமானத்தின் பக்கம் காலியாகிவிட்டது. மாசிலாமணியும் கயற்கண்ணியும் பாதி காலியான விமானத்தில் ஏறி, காலை நீட்டிக்கொண்டு, காபியைக் குடித்து முடித்து இறங்கினார்கள். செவிச்சில்லில் அவர் குரல் வந்தது.

"கோதை, நாங்க எறங்கிட்டோம். நீ எங்க இருக்க?"

"கதவுகிட்ட."

"இன்னுமா?"

அப்போதுதான் அவளுக்கு நேரம் உறைத்தது. கயிற்றைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி விரைந்தாள். "கொஞ்சம் வழி விடுங்க. தம்பிக்கு முகூர்த்தம், நான் போயாகணும்."

வரிசையின் முன்னால் நின்றவர் நகரவில்லை. கோபக்காரர்கூட இல்லை, சாந்தமான மனிதர். "நீங்கதானேம்மா வரிசைல வரணும்னு சொன்னீங்க?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். வழித்துணை ஒரு டோக்கனை அடித்து அவளிடம் நீட்டியது.

தன் வாயால் சொன்னதைத் தானே எப்படி மீறுவது? டோக்கனை வாங்கிக்கொண்டு கடைசிக்குப் போனாள்.

அவளுடைய முறை வந்து கதவைத் தாண்டியபோது அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நவக்குடியின் நகர்பாதையில் ஏறி, நிற்காமல் அதன் மேலேயே ஓடினாள். மூச்சு வாங்கி நின்றாள், மறுபடி ஓடினாள். பாதி வழியில் செவிச்சில்லில் கெட்டிமேளம் கேட்டது. மாசிலாமணி அவளும் கேட்கட்டும் என்று மண்டபத்திலிருந்து போட்டுவிட்டிருந்தார். கயல், சீக்கிரம் முடிச்சப் போடு என்று யாரோ ஒரு பெண் அவசரப்படுத்துவதும் அந்த மேளத்துக்கு நடுவே கேட்டது. பூங்கோதை நகர்பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாதை அவளைத் தன் பாட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது.

மண்டபத்தில் பரிதி மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கோபித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பரவால்ல, அக்கா. ஆனா அத்தான் வந்த விமானத்துலயே நீயும் வந்திருக்கலாம்ல? ஒம்போது நிமிஷம்தானே?" என்றான்.

பெண் வீட்டார் பக்கம் மாசிலாமணி விமானம் எவ்வளவு வசதி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நல்ல கூட்டம்.

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினார்கள். மாசிலாமணி விமானத்துக்குப் போனார். இருக்கிற சங்கடத்தில் தங்கப் பயணிகளின் கண்ணாடி அறையை வேறு பார்த்துக்கொண்டு உட்கார அவளால் ஆகாது. கதவு வழியாகவே போய்விடலாம் என்று வந்தாள்.

கதவின் நவக்குடிப் பக்கத்திலும் அவள் கட்டியது போலவே கயிறுகள் இருந்தன. ரோபோக்கள் அவற்றுக்குப் பளபளப்பான தூண்கள் நட்டிருந்தன. முதியோர், குழந்தையுடன் வருவோர், பெரிய பெட்டிகள், தாய்மாமன்கள் என்று பலகைகள் தொங்கின. புகைப்படம் எடுக்க வட்டமாக ஓர் இடம் குறித்திருந்தார்கள். ஒரு வழித்துணை அவளை அடையாளம் கண்டு வணங்கியது.

"தங்கள் ஏற்பாடு மிகச் சிறப்பாக இயங்குகிறது, பயணி அவர்களே. கதவைக் கடக்க ஒரே நொடி என்பதால் மக்களிடம் நல்ல வரவேற்பு. மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த வேளையில் கூட்டமில்லை. கூட்டமில்லை என்பதைவிட ஒருவருமே இல்லை. நேராக நடந்தால் கதவு நாலடி. கயிறோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வளைந்து வளைந்து போனது. பூங்கோதை கயிறு தொடங்கும் இடத்துக்குப் போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவாக நடக்கத் தொடங்கினாள். வேறு விதமாகப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வளைவில் வந்தபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவை கட்டிய ஓர் இளம்பெண், கையில் மூடிய தாம்பாளம், முகமெல்லாம் வியர்வை. கயிற்றுக்கு அடியில் குனிந்து நேரே கதவை நோக்கிப் போனாள். பூங்கோதை அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, எங்கண்ணனுக்கு இன்னைக்குக் கல்யாணம். நான் இல்லாம தாலி கட்ட முடியாது. நேரமாயிடுச்சு, விடுங்கக்கா."

"எல்லாருக்கும் அவசரம்தாம்மா. வரிசைல வா" என்றாள் பூங்கோதை.

அந்தப் பெண் வெறுமையாகக் கிடந்த கூடத்தை ஒருமுறை பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கயிறு தொடங்கும் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றாள். பூங்கோதை அடுத்த வளைவில் திரும்பினாள்.